மகள் அழுகிறாள், மகன் எரிந்து விழுகிறான்: வாசகர் கேள்விகளுக்கு மனநல நிபுணர்களின் பதில்கள்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் மனநலம் பற்றி வந்த கடிதங்களில், ஆண்-பெண் வேறுபாடு குறித்தவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மனநல மருத்துவர் ஒருவரும் மாணவர்களுக்கு ஆலோசனை வழங்கும் உளவியலாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: மகள் முதுகலை முதலாண்டு, மகன் இளங்கலை இரண்டாம் ஆண்டு. இருவரும் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். மகள் வாரத்தில் மூன்று நாள் போனில் அழுகிறாள். மகன் அழுவதில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தால் எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான், விடிய விடிய கேம் ஆடுகிறான், இரண்டு பாடங்களில் தோற்றிருக்கிறான். மகளைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும், பையனுக்கு வெறும் திமிர் என்கிறார் என் கணவர். சரியா? (ஒரு தாய்)

பதில்: இருவரையும் கவனிக்க வேண்டும். யாரை முதலில் என்றால், மகனை என்போம். மகள் அழுகிறாள், ஆனால் உங்களைக் கூப்பிட்டு அழுகிறாள். எது வலிக்கிறது என்று சொல்லவும், சொல்வதற்கு ஆளைத் தேடவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மகன் அந்த இரண்டையும் செய்யவில்லை.

மனச்சோர்வு என்றாலே சோகமும் கண்ணீரும் என்று பழகிவிட்டோம். மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது: தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, பசி அல்லது எடையில் மாற்றம், தூக்கக் கோளாறு, உடலியக்கம் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, களைப்பு, தன்னைப் பயனற்றவராக நினைப்பது, கவனம் சிதறுவது, சாவு பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து அறிகுறிகள் தொடர்ந்து இரண்டு வாரம் இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று கட்டாயம். கோபமும் எரிச்சலும் பெரியவர்களுக்கான இந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகனிடம் கண்ணுக்குத் தெரிவதோ அவைதான்.

2013ல் அமெரிக்கப் பெரியவர்கள் குறித்த ஒரு தேசியக் கணக்கெடுப்பின் தரவை மறுபடி அலசினார்கள். வழக்கமான அறிகுறிகளோடு கோபவெறி, ஆக்ரோஷம், போதைப் பழக்கம், ஆபத்தான காரியங்களில் இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, மனச்சோர்வு வரம்புக்குள் வந்த ஆண்கள் 30.6 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். ஏறக்குறைய சமம். பெண்களுக்கு இரு மடங்கு என்று காலங்காலமாகச் சொல்லப்படும் இடைவெளியில் ஒரு பகுதி, நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1980களின் முற்பாதியில் நடந்தது இன்னும் கண்திறப்பது. அங்குள்ள பொது மருத்துவர்கள் எல்லோருக்கும் மனச்சோர்வைக் கண்டறியப் பயிற்சி கொடுத்தார்கள். தற்கொலைகள் குறைந்தன. கணக்கைப் பிரித்துப் பார்த்தால், குறைந்தது பெரும்பாலும் பெண்களிடையேதான். ஆண்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் வரவேயில்லை. வந்த சிலரும் மருத்துவர்கள் கற்றுக்கொண்ட அறிகுறிகளோடு வரவில்லை. அதன் பிறகுதான் எரிச்சல், சோர்ந்துபோதல், குடி போன்றவற்றைக் கேட்கும் ஆண்களுக்கான கேள்வித்தாள் ஒன்று அந்தத் தீவின் பெயராலேயே உருவானது.

மகனிடம் எப்படிப் பேசுவது? எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ, ஏதாவது வேலை செய்துகொண்டோ பேசுங்கள். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாதபோது பையன்களுக்கு வாய் திறக்கிறது. ‘நீ கவலையா இருக்கியா?’ என்றால் ‘இல்லை’ என்பான், பேச்சு முடிந்துவிடும். கண்ணால் பார்த்ததைச் சொல்லித் தொடங்குங்கள்: ‘பத்து நாளா விடியற வரைக்கும் முழிச்சிருக்க. ஃபுட்பால் ஆடப் போறதையும் விட்டுட்ட. படுத்தா மனசுல என்னடா ஓடுது?’ அதன் பிறகு ஒரு நிமிடம் வாயைத் திறக்காதீர்கள். அந்த ஒரு நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல் அறிவுரைக்குத் தாவுவதுதான் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் பிழை. மார்க் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்பு ஆசையாகச் செய்த எதையெல்லாம் விட்டுவிட்டான், குடி அல்லது வேறு போதைப் பொருள் உண்டா, வண்டி ஓட்டுவதிலும் சண்டையிலும் புதிதாக ஒரு துணிச்சல் வந்திருக்கிறதா. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். ‘உனக்கு மனசு சரியில்லை’ என்பதைவிட ‘தூக்கத்தைச் சரிபண்ண ஒருத்தரைப் பார்ப்போம்’ என்றால் பெரும்பாலும் வருவான். அது பொய்யும் அல்ல, தூக்கம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது.

மகளின் அழுகை எதைப் பற்றியது என்பதையும் கேளுங்கள். பாடச் சுமை, உறவுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருப்போம். பின்னால் தொல்லை தரும் ஓர் ஆசிரியரோ சக மாணவரோ இருக்கலாம். ‘அங்கே உன்னைப் பயமுறுத்துறவங்க, தொந்தரவு பண்றவங்க யாராவது இருக்காங்களா?’ என்று நேரடியாகக் கேட்டால்தான் அது வெளியே வரும்.

கேள்வி: பெண்களுக்கு இயற்கையிலேயே மன உறுதி குறைவு, அதனால்தான் மனச்சோர்வு அதிகம் என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். அறிவியல் என்ன சொல்கிறது? (இளங்கலை மாணவி)

பதில்: அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. 90க்கும் மேற்பட்ட நாடுகளின் தரவைத் தொகுத்து 2017ல் வெளிவந்த ஆய்வின்படி, மனச்சோர்வு நோய் என்று உறுதிசெய்யப்படுவதற்கான வாய்ப்பு விகிதம் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இந்த இடைவெளி சிறு வயதிலிருந்தே மாறாமல் இருப்பதல்ல. 12 வயதை ஒட்டித் தெரிய வருகிறது, பதின்பருவத்தில் உச்சத்துக்குப் போகிறது, 20களில் சுருங்குகிறது. பிறவிப் பலவீனம் என்றால் இப்படி ஏறி இறங்காது.

அறிகுறிகளின் மதிப்பெண்ணை மட்டும் எடுத்தால் வேறுபாடு இன்னும் சிறியது. அதே ஆய்வில் அது திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில்) 0.27. குருட்டாம்போக்கில் ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் எடுத்து ஒப்பிட்டால், 100 ஜோடிகளில் 58ல் பெண்ணின் மதிப்பெண் கூடுதலாக இருக்கும், 42ல் ஆணுடையது. இதை வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது.

காரணங்கள் பல. பூப்புக்கால ஹார்மோன் மாற்றம், பாலியல் தொல்லையும் வன்முறையும், உடலழகு குறித்த அழுத்தம், வீட்டுப் பொறுப்பு, மற்றவர் துயரத்தையும் தன் துயரமாகச் சுமப்பது, நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்து மறுகுவது எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. விவாதத்தில் இன்னொன்றையும் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலை இறப்பு லட்சம் ஆண்களுக்கு 12.6, லட்சம் பெண்களுக்கு 5.4. ஒரே ஒரு எண்ணை வைத்து ‘உறுதி’யை அளந்தால், எந்த எண்ணை எடுக்கிறோமோ அதற்கேற்பத் தீர்ப்பு மாறிவிடும்.

கேள்வி: நானும் என் தோழியும் தினமும் இரவு இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசுகிறோம். பேசி முடித்ததும் பாரம் குறையும் என்பார்கள். எனக்கோ கூடுகிறது, தூக்கமும் போய்விடுகிறது. அவளை விட்டு விலகவும் மனமில்லை. (இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: விலக வேண்டாம். இந்தத் தோழமை உங்களுக்குப் பாதுகாப்பு. பேசும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

இருவர் சேர்ந்து ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறுவதை அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002லிருந்து ஆராய்ந்திருக்கிறார். சிறுவர், பதின்பருவத்தினரைத் தொடர்ந்து கவனித்ததில், பெண் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் நட்பையும் நெருக்கமாக்கியது, மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளையும் கூட்டியது. ஆண் பிள்ளைகளிடம் நட்பு நெருக்கமானது, அறிகுறிகள் கூடவில்லை. நெருக்கம் கூடுவதால்தான் இதை நிறுத்துவது கடினம். பலன் கண்ணுக்குத் தெரிகிறது, விலை தெரிவதில்லை.

உங்கள் பேச்சில் எது சுழல்கிறது என்று கவனியுங்கள். ‘ஏன்டீ எனக்கு மட்டும் இப்படி நடக்குது?’, ‘அவ ஏன் அப்படிப் பார்த்தா?’ போன்ற ‘ஏன்’ கேள்விகளுக்குப் பதில் கிடையாது. ஆகவே பேச்சு முடிவதும் இல்லை. ‘என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்’ என்று கேட்டால் மனம் தரையில் கால் ஊன்றுகிறது.

பேச்சைப் படுக்கைக்கு முந்தைய நேரத்திலிருந்து மாலைக்கு மாற்றுங்கள். பிரச்சினை பேச ஆளுக்கு 15 நிமிடம் போதும், போனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 15 நிமிடத்தில் கேட்பவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: ‘நேத்தைக்கு அப்புறம் புதுசா என்ன ஆச்சு?’, ‘நாளைக்கு இந்த நேரத்துக்குள்ள நீ செய்யக்கூடிய சின்ன விஷயம் என்ன?’ புதிதாக எதுவும் ஆகவில்லை என்றால் அந்தப் பேச்சை அன்றைக்கு மூடிவிடலாம். அப்புறம் அரைமணி நேரம் சேர்ந்து வேறு ஏதாவது செய்யுங்கள்; நடப்பது சிறந்தது. இதைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாமல் திடீரென்று டைமர் வைத்தால், தன்னைக் கழற்றிவிடுகிறாய் என்று அவள் நினைக்கக்கூடும். முதல் வாரம் இருவருக்கும் செயற்கையாகத்தான் தோன்றும்.

இப்படிச் செய்தும் மூன்று, நான்கு வாரத்தில் உங்களுக்கோ அவளுக்கோ மாற்றமில்லை என்றால், அந்த வலி தோழமையால் மட்டும் தீராதது. கவுன்சலரிடம் இருவரும் சேர்ந்தே போய், முறை வரும்போது தனித்தனியாகப் பேசலாம்.

கேள்வி: இணையத்தில் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளை நிரப்பினேன். எனக்கு 13, என் அறைத் தோழனுக்கு 6. அவன் தினமும் குடிக்கிறான், சுவரில் குத்துகிறான். எனக்குத்தான் நோயா? (முதுகலை மாணவர்)

பதில்: 13 என்பது நடுத்தர அளவு. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5, 10, 15, 20 என்ற எண்களில் படிகள் மாறுகின்றன. 10ம் அதற்கு மேலும் என்றால் நேரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இது சல்லடை மட்டுமே, நோயை உறுதிசெய்வது மருத்துவரின் நேர்காணல். தேர்வுக்கு முந்தைய இரவு நிரப்பினீர்களா, கடந்த இரண்டு வாரத்தை மனத்தில் வைத்தீர்களா அல்லது அன்றைய நாளையா, பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தார்களா என்று யோசியுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது: சாவு, தன்னைக் காயப்படுத்துவது பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு 0 அல்லாத எந்தப் பதிலாக இருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இன்றே ஒருவரிடம் பேசுங்கள்.

உங்கள் நண்பரின் 6 எங்களுக்கு நிம்மதி தரவில்லை. அந்தத் தாள் கோபத்தைக் கேட்பதில்லை, குடியைக் கேட்பதில்லை. அவருக்குக் குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட்-சி என்ற மூன்று கேள்வித் தாள் பொருந்தும். எவ்வளவு அடிக்கடி, ஒரு தடவைக்கு எவ்வளவு, ஒரே மூச்சில் அதிகம் குடிப்பது எத்தனை தடவை என்று கேட்கும். மொத்தம் 12 மதிப்பெண்ணில் ஆண்கள் 4, பெண்கள் 3 தொட்டாலே எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் முதல் கேள்வியிலேயே 4 வாங்கிவிடுவார். தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள்; கைநடுக்கம், வலிப்பு வரை போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: மாதவிடாய்க்கு முந்தைய ஒரு வாரம் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். எல்லோரிடமும் சண்டை, அழுகை, படிப்பைவிட்டே போய்விடலாம் என்ற எண்ணம். ரத்தப்போக்கு தொடங்கிய இரண்டாம் நாள் சரியாகிவிடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான் என்கிறார் அம்மா. (மூன்றாம் ஆண்டு மாணவி)

பதில்: லேசான மாற்றம் பல பெண்களுக்கு உண்டு, அதை அம்மா சரியாகவே சொல்கிறார். படிப்பும் உறவும் குலையும் அளவுக்கு வருவது வேறு. அதற்கு பி.எம்.டி.டி. (மாதவிடாய்க்கு முந்தைய கடுமையான மனநிலைக் கோளாறு) என்று தனிப் பெயர் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013லிருந்து முழு நோயாகவே இடம்பெற்றுள்ளது.

மருத்துவரிடம் ‘மாசாமாசம் இப்படித்தான் ஆகுது’ என்று சொல்வது போதாது. இரண்டு சுழற்சிகளுக்குத் தினமும் குறிப்பு வேண்டும். ஒரு தாளில் 1 முதல் தேதிகளைப் போட்டு, ஐந்து பத்திகள் பிரியுங்கள்: எரிச்சல், சோகம், பதற்றம், தூக்கம், அன்றைய வேலை கெட்டதா. ஒவ்வொன்றுக்கும் 1 (இல்லை) முதல் 6 (மிகக் கடுமை) வரை எண் இடுங்கள். ரத்தப்போக்கு நாட்களை வட்டமிடுங்கள். இரவு படுக்கும் முன்பு, அன்றைக்கே எழுத வேண்டும். வாரக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் தாள் பயன்படாது, ஏனென்றால் நாம் எதிர்பார்ப்பதையே நினைவு எழுதிவிடும். மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தைப் பாருங்கள். எண்கள் 1, 2க்கு இறங்கியிருந்தால் பி.எம்.டி.டி.யாக இருக்கலாம். அந்த வாரத்திலும் 4, 5 என்றே நின்றால், அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்து மாதவிடாய்க்கு முன்பு கூடுகிறது என்று பொருள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மனச்சோர்வு மருந்து வகை மனச்சோர்வில் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், பி.எம்.டி.டி.யில் சில நாட்களிலேயே பலன் தருகிறது. ஆகவே மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் கொடுப்பதும் உண்டு. 24 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினாலும் முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை உண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது. சில கருத்தடை மாத்திரைகளும் உதவும். மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. களைப்பும் கவனச்சிதறலும் அதிலிருந்தே வரலாம்.

அந்த ஒரு வாரத்தில் படிப்பை விடுவது, உறவை முறிப்பது போன்ற எந்த முடிவையும் எடுக்காதீர்கள். மாதவிடாய் தொடங்கி ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். அப்போதும் அதே முடிவு சரியென்று பட்டால் எடுங்கள்.

கேள்வி: வகுப்பில் நன்றாகப் படிப்பவன், திடீரென்று தன் புத்தகங்களையும் ஹெட்போனையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டான். ‘இனி எனக்கு எதுக்கு’ என்று சிரிக்கிறான். கேட்டால் தப்பாகிவிடுமோ, நாமே அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. (மாணவர்)

பதில்: இன்றைக்கே கேளுங்கள். கேட்பதால் தற்கொலை எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுற்றி வளைக்க வேண்டாம், ‘தப்பா ஏதும் நினைக்கலையே?’ என்றும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியே ‘இல்லை’ என்ற பதிலை எடுத்துக்கொடுக்கிறது. தனியாக அழைத்து, ‘டேய், செத்துப்போயிடலாம்னு நினைக்கிறியா?’ என்று கேளுங்கள்.

‘ஆமாம்’ என்றால் வாதாடாதீர்கள், அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று குற்ற உணர்வை ஏற்றாதீர்கள். எவ்வளவு நாளாக, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா, எப்போது என்று நாள் குறித்திருக்கிறானா என்று கேளுங்கள். வழியும் நாளும் முடிவாகியிருந்தால் அவனைத் தனியே விடக் கூடாது. அவன் சொல்லும் பொருள் கைக்கெட்டாமல் அகற்றப்பட வேண்டும், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும் அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடன் செல்ல வேண்டும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘உன்னைக் காப்பாத்தத் தேவைப்பட்டவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உனக்குத் தெரிஞ்சே சொல்லுவேன்’ என்பது நேர்மையான வாக்கு. ‘இல்லை’ என்று சிரித்தாலும், பொருட்களைக் கொடுத்ததை மட்டும் வைத்தே விடுதிப் பொறுப்பாளரிடமோ ஆலோசனை மையத்திலோ சொல்லிவிடுங்கள்.

மறுநாளும் போய்ப் பாருங்கள், அடுத்த வாரமும் பாருங்கள். எல்லோரும் ஓடி வருவது முதல் நாளில்தான்.

இங்கேயும் ஆண்-பெண் பார்வை உயிரோடு விளையாடுகிறது. ஆண் சொன்னால் விளையாட்டு என்கிறார்கள். பெண் முயன்று பிழைத்தால் கவனத்தை ஈர்க்கச் செய்தாள் என்கிறார்கள். தற்கொலை முயற்சிகள் பெண்களிடையே அதிகம், இறப்புகள் ஆண்களிடையே அதிகம். முன்பு ஒருமுறை முயன்றிருப்பது யாராக இருந்தாலும் மிகப் பெரிய அபாய அறிகுறி.

கேள்வி: கவுன்சலிங் போகலாம் என்று நினைக்கிறேன். ஆனால் உட்கார்ந்து உணர்ச்சிகளைப் பற்றிப் பேச எனக்கு வராது. துறைக்குத் தெரிந்துவிடுமோ என்றும் தயக்கம். (பொறியியல் மாணவர்)

பதில்: உணர்ச்சியைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதைப் பேச வைப்பது எங்கள் வேலை. போகும்போது ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு போங்கள்: எது மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து, எது சரியானால் போதும். ‘ஆறு வாரமா மூணு மணிக்கு முன்னாடி தூக்கம் வரல, லேபுக்குப் போகல, செமஸ்டர் முடிக்கணும்.’ இவ்வளவு இருந்தால் முதல் சந்திப்பை நடத்திவிடலாம். அது பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடம். பாதி நேரம் கேள்விகளிலேயே போய்விடும், அன்றைக்கே தீர்வு கிடைக்காது. அதைத் தெரியாமல் ‘ஒண்ணும் பிரயோஜனம் இல்லை’ என்று ஆண்கள் பலர் முதல் தடவையோடு நின்றுவிடுகிறார்கள். மூன்று தடவையாவது போங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு கவுன்சலரைக் கேட்பது உங்கள் உரிமை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரகசியம் பற்றி உள்ளே போனதும் முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்: ‘நான் சொல்வதை எங்கே எழுதிவைப்பீர்கள், யார் பார்க்க முடியும்?’ பொதுவாக உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு, குழந்தைகள் மீதான கொடுமை, நீதிமன்ற ஆணை ஆகிய சூழல்களில்தான் ரகசியம் தளரும். வகுப்புக்கு வராதது அதில் சேராது.

மையம் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். ‘மனநோய் ஆலோசனை’ என்ற பலகையின் கீழே வராத மாணவர்கள், தூக்கம், தேர்வுப் பயம், நேர மேலாண்மை என்று பெயரிட்ட பயிற்சிக்கு வருகிறார்கள். வரவேற்பில் எல்லோர் முன்பும் காரணம் கேட்பதை நிறுத்தி, ஆன்லைனில் நேரம் பதியும் வசதி செய்தாலே பாதித் தயக்கம் போகும்.

கேள்வி: நான் திருநம்பி. எங்கள் பல்கலைக்கழக மனநலக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். நான் எதில் குறிப்பது? (முதலாண்டு மாணவர்)

பதில்: உங்கள் கேள்விக்கு நாங்கள் மூன்றாவது கட்டம் தர முடியாது, அந்தப் படிவம் தயாரித்தவர்கள்தான் தர வேண்டும். நீங்கள் உங்களை எப்படி அறிகிறீர்களோ அந்தக் கட்டத்தைக் குறித்து, கருத்துப் பகுதியில் இந்தக் குறையை எழுதுங்கள்.

இந்தப் புறக்கணிப்பு சாதாரணமானதல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் நடத்திய பெரிய ஆய்வொன்றில், ஏதாவது ஒரு மனநலச் சிக்கலுக்கான வரம்பைத் தாண்டியவர்கள் திருநர், ஆண்-பெண் என்ற இருமைக்கு அப்பாற்பட்ட மாணவர்களில் 78 சதவீதம், மற்றவர்களில் 45 சதவீதம். ஆண்-பெண் இடைவெளியைவிட இது பெரியது. இரண்டு கட்டம் மட்டும் போட்ட கணக்கெடுப்பில் கண்ணுக்கே தெரியாது. திருநராக இருப்பது நோய் என்பதால் வருவதல்ல இது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு அதை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. கேலி, ஒதுக்கல், வீட்டில் மறைத்து வாழ்வது, கழிப்பறைக்குப் போகவே பயப்படுவது என்று நாள்தோறும் சேரும் அழுத்தம்தான் காரணம். தாம் தேர்ந்தெடுத்த பெயரால் அழைக்கப்படும் இடங்கள் கூடக் கூட மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்ததைத் திருநர் இளையோரிடம் கண்டிருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் மாற்றக் கோரிக்கை கொடுங்கள். அது மருந்துச் சீட்டுக்குக் குறைந்ததல்ல.

கேள்வி: காபி குறைத்தும் தூக்கம் வரவில்லை. அண்ணனுக்கு மூன்று கப் குடித்தும் வருகிறது. (மாணவி)

பதில்: தூக்கமின்மை பெண்களுக்கு ஆண்களைவிட சுமார் 1.4 மடங்கு. கருத்தடை மாத்திரை எடுப்பவரா நீங்கள்? அது காஃபின் உடலில் தங்கும் நேரத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். வழக்கமாக 5 மணி நேரத்தில் பாதியாவது 10 மணி நேரம் எடுக்கும். காலை ஒரு கப்போடு நிறுத்திப் பாருங்கள். எழும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாதீர்கள், 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். மூன்று வாரம் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பகலில் கண் சொக்கும், அப்போது பகல் தூக்கம் போட்டால் எல்லாம் வீணாகும்.

கேள்வி: ‘பல்கலைக்கழக மாணவர்களின் மனநலத்தில் பாலின வேறுபாடு’ என்பது என் ஆய்வேடு. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 கேள்வித்தாளை 238 மாணவியரும் 62 மாணவரும் நிரப்பினார்கள். இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனையில் மாணவியருக்கு மன அழுத்தம் அதிகம் என்று வந்திருக்கிறது. இதை முடிவாக எழுதலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: எழுதும் முன்பு சிலவற்றைச் சரிபாருங்கள். முதலில் கூட்டல். டாஸ்-21ல் ஒவ்வொரு பிரிவுக்கும் 7 கேள்விகள், அதிகபட்சம் 21. நிலைகளைப் பிரிக்கும் எண்கள் 42 கேள்வி கொண்ட மூலத் தாளுக்கானவை. ஆகவே மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கிய பிறகுதான் அவற்றோடு ஒப்பிட வேண்டும். பெருக்காமல் ஒப்பிட்டு ‘பெரும்பாலோர் இயல்பு நிலை’ என்று எழுதிய ஆய்வேடுகள் நிறைய.

அடுத்து, அந்த 62 பேர் யார்? கல்லூரிக் கணக்கெடுப்புகளில் ஆண்களின் பதில் விகிதம் பொதுவாகவே குறைவு. நிரப்பியவர்கள் பொறுமையும் அக்கறையும் உள்ளவர்களாக இருக்கலாம். கோபத்தோடு தாளைத் தூக்கிப்போட்டவர்கள் உங்கள் கணக்கில் இல்லை. எத்தனை மாணவரிடம் கொடுத்தீர்கள், எத்தனை பேர் திருப்பித் தந்தார்கள் என்பதை இரு பாலருக்கும் தனித்தனியே எழுதுங்கள். 62க்கு 238 என்ற அமைப்பில் திட்ட விலக்கத்தில் சுமார் 0.4 அளவு வேறுபாட்டைத்தான் 80 சதவீத உறுதியோடு பிடிக்க முடியும். ஏற்கெனவே அறியப்பட்ட 0.27 போன்ற வேறுபாட்டைப் பிடிக்க ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 220 பேர் வேண்டும். முடிந்தால் மாணவரிடம் மறுபடி போங்கள்.

துறையையும் கவனியுங்கள். மாணவியர் பெரும்பாலும் செவிலியர் படிப்பிலிருந்தும் மாணவர் வணிகவியலிலிருந்தும் வந்திருந்தால் நீங்கள் அளந்தது இரவுப் பணியின் அழுத்தத்தை. துறை, ஆண்டு, விடுதியா வீடா என்பதைச் சேர்த்து, அவற்றின் தாக்கத்தைப் பிரித்துக் காட்டும் பின்னடைவுப் பகுப்பாய்வு செய்யுங்கள். ஒரே கேள்வி இரு பாலருக்கும் ஒரே பொருளில் வேலை செய்கிறதா என்று அளவீட்டு மாறாமைச் சோதனையும் வேண்டும்; அது தோற்றால் சராசரிகளை ஒப்பிடுவதே செல்லாது.

துயரத்தை மட்டும் அளந்துவிட்டு ‘மனநலம்’ என்று தலைப்பிடாதீர்கள். ஐந்து கேள்வி கொண்ட டபிள்யூ.எச்.ஓ.-5 நலத் தாளையும் சேர்த்தால் ஒரு நிமிடம்தான் கூடும். துயர அறிகுறிகளில் பெண்கள் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். வாழ்க்கை நிறைவில் இரு பாலரும் ஏறக்குறைய சமம். மற்றவரோடு நல்லுறவு என்ற அளவில் பெண்களே மேல். இந்த மூன்றும் ஒரே மாணவியிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதை உங்கள் ஆய்வேடு காட்டினால் அது ஒரு டி-சோதனையைவிடப் பெரிய பங்களிப்பு.

முடிவுப் பகுதியில் பி-மதிப்பை மட்டும் தராமல், இரு பாலரின் சராசரி, திட்ட விலக்கம், வேறுபாட்டின் அளவு, அதன் 95 சதவீத நம்பக இடைவெளி நான்கையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள். இரண்டு கட்டத்திலும் அடங்காதவர்கள் மூன்று பேரே என்றாலும் அவர்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், அடையாளம் தெரியாதபடி எண்ணிக்கையையும், ஏன் தனியே பகுத்தாய முடியவில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.